ஷொக் புதிது, அதைப் பிடித்த தகடு இல்லை

2023 பெப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை. காலை எட்டரைக்கு இழுவை வண்டி ஒன்று கனடாவின் ஸ்காபரோவில் உள்ள எங்கள் கராஜ் வாசலுக்கு வந்து, சாம்பல் நிற ஹைபிரிட் எஸ்.யு.வி. ஒன்றைப் பனிச்சேற்றில் இறக்கிவிட்டுப் போனது. வெளியே பார்த்தால் கீறல்கூட இல்லை. பின்கதவைத் திறந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. வலது பின்சில்லுக்கு நேர்மேலே டிக்கியின் உட்பக்கத்தை மூடியிருந்த பிளாஸ்ரிக் பலகை, பின்னாலிருந்து யாரோ முட்டியால் குத்தியதுபோல் புடைத்து வெடித்திருந்தது. வெடிப்பின் நடுவே ஷொக் அப்சோபரின் தலை எட்டிப்பார்த்தது. சில்லுக்கூட்டுக்குள் மறைந்திருக்க வேண்டிய பொருள் அது.

வண்டியோடு வந்த அக்கா ஐம்பதைக் கடந்தவர். வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிப்பது அவருடைய வேலை. ஒரே நாளில் ஏஜக்ஸ், பிக்கரிங், மார்க்கம் என்று மூன்று ஊர் போய்வருவார். மோர்னிங்சைட் வீதியில் ஒரு குழிக்குள் சில்லு இறங்கி ஏறியது, பின்னால் குண்டு வெடித்ததுபோல் சத்தம் கேட்டது என்றார். அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று எங்கள் இருவருக்குமே தெரியும் என்பதால் நான் மேலே கேட்கவில்லை. அதன்பிறகு சின்ன மேடு பள்ளத்துக்கும் வண்டியின் பின்பக்கம் படகுபோல் ஆடியதாம். புத்தியுள்ள மனுசி, ஓரமாக நிறுத்திவிட்டு இழுவை வண்டியை அழைத்திருக்கிறார்.

"தம்பி, ஆறு மாதத்துக்கு முன்புதான் பின்னால் இரண்டு ஷொக்கும் புதிதாகப் போட்டேன். பில் இருக்கிறது. அதற்குள் எப்படிப் போகும்?"

"ஷொக் போகவில்லை அக்கா. அதைப் பிடித்திருந்த தகடு போய்விட்டது."

இந்த வண்டியைச் செய்தது யார், ஷொக் மாற்றிய கராஜ் எது என்று நான் எழுதப்போவதில்லை. சொன்னால், அந்தப் பெயர் கொண்ட வண்டி தன்னிடம் இல்லை என்று வாசிப்பவர் நிம்மதியாகப் பக்கத்தை மூடிவிடுவார். இது ஒரு பெயருக்கு மட்டும் வந்த நோய் அல்ல.

வண்டியின் சாதகம்

2009ஆம் ஆண்டு மாதிரி. அக்கா இதை 2015இல் இரண்டாவது கையாக வாங்கியபோது 142,000 கிலோமீற்றர் ஓடியிருந்தது. எங்களிடம் வந்து இறங்கிய அன்று 311,000. நிற்கும் இடம், அவர் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் நிலத்தடித் தரிப்பிடம். குளிர்காலத்தில் அங்கே இதமான சூடு இருக்கும். இந்தத் தகவலைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஹைபிரிட் எஸ்.யு.வி.க்கள் வட அமெரிக்கச் சந்தைக்கு முதலில் வந்தது 2004இல். அன்று வாங்க நினைத்த எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: பற்றரி எத்தனை வருடம் தாங்கும்? நிறுவனங்களும் அந்தப் பயத்துக்குத்தான் பதில் சொன்னன. ஹைபிரிட் பாகங்களுக்குப் பெரும்பாலும் எட்டு ஆண்டு அல்லது 160,000 கிலோமீற்றர் உத்தரவாதம் கொடுத்தார்கள். தகடு கறள் பிடித்துத் துளை விழுவதற்கு வழக்கமாகக் கிடைத்தது ஐந்து ஆண்டுதான். யாரும் அந்த இரண்டாவது எண்ணைக் கேட்டு வாங்கவில்லை. கேட்டிருந்தாலும், கறள் என்றால் கதவின் கீழ்விளிம்பு, சில்லுக்கு மேலான வளைவு என்றுதான் நினைத்திருப்போம்.

இந்த வண்டியின் பற்றரியை அன்று மாலை சோதித்தேன். பதினான்கு வயதான நிக்கல் உலோக ஹைட்ரைட் பற்றரி. தொகுதிகளுக்கு இடையே மின்னழுத்த வேறுபாடு மிகச் சொற்பம். என்ஜின் ஒயில் சுத்தம், கியர் பகுதியில் முனகல் இல்லை. பயந்த உறுப்பெல்லாம் நலமாக இருந்தது.

மேலே தூக்கிப் பார்த்தபோது

வண்டியைத் தூக்கியில் ஏற்றி வலது பின்சில்லைக் கழற்றினோம். இந்த வகை வண்டிகளில் சுருள் ஸ்பிறிங்கும் ஷொக்கும் தனித்தனி. ஸ்பிறிங், சில்லை வண்டியின் அடியோடு இணைக்கும் கீழ் ஆர்மின் மேல் உட்கார்ந்து வண்டியின் பாரத்தைச் சுமக்கிறது. ஷொக் அதற்குச் சற்று அப்பால் நின்று ஆட்டத்தை அடக்குகிறது. அதன் மேல்முனை சில்லுக்கூட்டின் உட்தகட்டில் போல்ட் போட்டுப் பூட்டப்பட்டிருக்கும். தகடு கிழிந்த பின்னரும் வண்டி தரையில் விழாமல் நின்றதற்குக் காரணம் இந்தப் பிரிவினைதான். பாரத்தை ஸ்பிறிங் சுமந்துகொண்டது. ஆனால் பல வண்டிகளில் சில்லு கீழே தொங்கும்போது அதை ஓர் எல்லைக்கு மேல் இறங்கவிடாமல் பிடிப்பதும் இதே ஷொக்தான். அது இல்லாமல் இன்னொரு ஆழமான குழியில் சில்லு தொங்கியிருந்தால் ஸ்பிறிங் தன் இருக்கையை விட்டு நழுவியிருக்கும். நெடுஞ்சாலை 401இல் நூறு கிலோமீற்றர் வேகத்தில் அது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அக்காவிடம் சொல்லவில்லை. சொல்லாமலே அவருக்கு விளங்கியிருந்தது.

ஷொக்கின் மேல்முனையோடு கிழிந்து வந்த தகட்டுத் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். உள்ளங்கையளவு. நடுவில் ஓரளவு தடிப்பு, ஓரத்துக்குப் போகப்போக அப்பத்தின் விளிம்புபோல் மெலிந்து, விரலால் அழுத்தினால் நொறுங்கியது. கிழிந்த விளிம்பில் பளபளப்பான புது உலோகம் தெரிந்தது கால்பங்குக்கும் குறைவு. மீதி முக்கால்பங்கும் பழைய, கபில நிறக் கறள். அதாவது அந்தக் குழி கிழித்தது கடைசிக் கால்பங்கை மட்டும். மற்றதெல்லாம் பல குளிர்காலங்களாக மெல்ல மெல்லக் கிழிந்திருக்கிறது.

அதைவிட ஒரு விஷயம் என்னை நிறுத்தியது. போல்ட் தலைகளுக்கும் தகட்டுக்கும் இடையே இரண்டு பெரிய வாஷர்கள் இருந்தன. தொழிற்சாலையில் போட்டவை அல்ல. கடையில் வாங்கிய, துத்தநாகப் பூச்சு இன்னும் மினுங்கும் வாஷர்கள். ஆறு மாதத்துக்கு முன் ஷொக் மாற்றியவர்கள், போல்ட் ஓட்டை அகன்றுபோயிருந்ததைக் கண்டிருக்கிறார்கள். புது ஷொக்கின் தலை அந்த ஓட்டைக்குள்ளால் வந்துவிடும் என்று தெரிந்திருக்கிறது. அதனால் வாஷர் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். பில்லில் வாஷர் பற்றியோ தகடு பற்றியோ ஒரு வரி இல்லை.

பழைய ஷொக்குகளை நான் பார்க்கவில்லை. ஆனால் 300,000 கிலோமீற்றர் ஓடியவற்றில் எண்ணெய் கசிந்து, தடுக்கும் வலு பாதியாகக் குறைந்திருக்கும் என்று ஊகிக்கலாம். வலு குறைந்த ஷொக் தகட்டை அதிகம் இழுக்காது. வண்டி ஆடும், சத்தம் வரும், அவ்வளவுதான். அந்த இடத்தில் முழு வலுவுள்ள புது ஷொக் ஒன்றைப் பூட்டியதும் ஒவ்வொரு குழியிலும் தகட்டின் மேல் விழும் இழுவை கூடிவிட்டது. சத்தம் ஒரு மாதம் நின்றது, பிறகு திரும்பி வந்தது என்று அக்கா சொன்னதற்கு இதுதான் பொருள். முதலில் வந்த சத்தம் ஷொக்கினுடையது, இரண்டாவது சத்தம் தகடு கிழியும் சத்தம். இரண்டும் காதுக்கு ஒன்றுபோலத்தான் கேட்கும்.

இடது பக்கம் கண்ணுக்கு நன்றாக இருந்தது. கறுப்பு றப்பர் பூச்சு ஒழுங்காக, ஒரே சீராக ஒட்டியிருந்தது. சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போனேன். நல்ல தகடு 'டிங்' என்று சொல்லும். ஷொக்கின் மேல்முனையை நெருங்கியபோது சத்தம் 'டொக்' என்று அடைத்துப்போனது. நாலாவது தட்டில் சுத்தியலின் முனை உள்ளே போய்விட்டது.

இங்கே என் தவறையும் எழுதிவிட வேண்டும். 2021 நவம்பரில் இதே வண்டி வின்ரர் ரயர் மாற்ற எங்களிடம்தான் வந்தது. பழைய தாள்களைப் புரட்டினேன். என் கையெழுத்தில், "கீழ்ப்பகுதி: மேற்பரப்புக் கறள் மட்டும்" என்று இருந்தது. அந்தக் கறுப்புப் பூச்சு, அக்காவுக்கு வண்டியை விற்றவர்கள் விற்பனைக்கு முன் அடித்தது. கறளின் மேலே அடிக்கப்பட்ட றப்பர் பூச்சு காயத்தின் மேல் ஒட்டிய பிளாஸ்திரி மாதிரி. உள்ளே ஈரம் அடைபட்டு வேலையைத் தொடரும். இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கும் எனக்கு அது தெரியும். தெரிந்தும் அன்று பார்த்தேன், தட்டவில்லை. அன்று வாசலில் ஒன்பது வண்டிகள் வரிசையில் நின்றன. காரணம்தான், சமாதானம் அல்ல.

இரண்டு நிரலிலும் ஒரே எண்

கீழ் ஆர்ம் வேறொரு கதை. அது இரண்டு தகடுகளை மடித்து ஒட்டிச் செய்த பெட்டி போன்றது. ஸ்பிறிங் உட்காரும் கிண்ணத்தின் அடியில் நீர் வடிய ஒரு துளை உண்டு. துளை சேறும் மணலும் இறுகி அடைபட்டிருந்தது. கிண்ணத்தில் தேங்கிய உப்புநீர் உள்ளிருந்தே தகட்டைத் தின்றிருந்தது. வெளியே வர்ணம் இருக்கிறது, உள்ளே இலை இலையாகக் கறள். வலது ஆர்மில் ஸ்பிறிங்கின் கீழ்ச் சுற்று தகட்டை அரைத்து ஒரு பிறை வடிவில் வெட்டியிருந்தது. அடுத்து முறிய இருந்தது அதுதான்.

பின்சில்லின் உள்நோக்கு வெளிநோக்குக் கோணத்தைச் சரிசெய்யும் போல்ட் ஒன்று ஆர்மின் உட்பக்கத்தில் இருக்கும். அதன் தலை மையம் விலகிய சக்கரம். திருகினால் ஆர்ம் சற்று உள்ளே, சற்று வெளியே நகரும். இந்த வண்டியில் அந்தப் போல்ட், அதிர்வைத் தாங்கும் றப்பர் உறையான புஷ்ஷின் நடுவே இருக்கும் இரும்புக் குழாயோடு சேர்ந்து ஒரே துண்டாகியிருந்தது. எத்தனை காலமாக என்று தெரிந்துகொள்ள முன்பெட்டியில் அக்கா பத்திரமாக வைத்திருந்த தாள்களைக் கேட்டு வாங்கினேன். இப்படிப் பில்களை அடுக்கி வைக்கும் வாடிக்கையாளர் கிடைப்பது வரம்.

2020இல் எடுத்த அலைன்மென்ட் தாள், அதாவது சில்லுகளின் கோணங்களைச் சரிசெய்தபோது கொடுத்த தாள் ஒன்று கிடைத்தது. இயந்திரம் அச்சிடும் தாள். சரிசெய்வதற்கு முன், சரிசெய்த பின் என்று இரண்டு நிரல். முன்சில்லுகளின் எண்கள் சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறியிருந்தன. வலது பின்சில்லுக்கு இரண்டு நிரலிலும் ஒரே எண், இரண்டும் சிவப்பு. திருக முயன்றிருக்கிறார்கள், திரும்பவில்லை, விட்டுவிட்டார்கள். முழுக் காசும் வாங்கியிருக்கிறார்கள். தாள் தெளிவாகச் சொன்னது. வாசித்துச் சொல்லத்தான் ஆளில்லை. அந்த ரயரின் உள்விளிம்பு மட்டும் வழுக்கையாகத் தேய்ந்ததற்கும், பாதை மாறும்போது பின்பக்கம் சற்றுத் தாமதித்து வருவதுபோல் அக்கா உணர்ந்ததற்கும் இதுதான் காரணம்.

பின்பிறேக் தட்டுகளின் உட்பக்கமும் கறள் தழும்பு ஏறிக் கிடந்தது. ஹைபிரிட் வண்டி வேகம் குறையும்போது மோட்டாரே பெரும்பகுதி வேலையைச் செய்து மின்சாரமாக்கிவிடுகிறது. பிறேக் கட்டைகளுக்கு உரசிச் சுத்தம் செய்யும் வேலை குறைவு. சிக்கனத்தின் பக்கவிளைவு.

கோடெரிச்சிலிருந்து சில்லுக்கூட்டுக்கு

ஒன்ராறியோவில் ஹூரன் ஏரிக்கரையில் கோடெரிச் என்று ஒரு சிற்றூர் உண்டு. அங்கே ஏரிக்கு அடியில், ஐந்நூறு மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில் இருக்கிறது உலகின் மிகப் பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம். எங்கள் வீதிகளில் குளிர்காலம் முழுக்கக் கொட்டும் உப்பு இப்படியான இடங்களிலிருந்துதான் வருகிறது. கனடா முழுவதும் ஓராண்டில் வீதிக்குப் போகும் உப்பு ஏறத்தாழ ஐம்பது இலட்சம் தொன். வீதி உப்பு சுற்றுச்சூழலுக்கு நஞ்சு என்று கனடிய அரசின் ஆய்வே 2001இல் முடிவு சொல்லியது. ஆறுகளையும் கிணறுகளையும் நினைத்துச் சொன்ன முடிவு அது. இரும்புக்கு அது என்ன செய்கிறது என்று சொல்ல ஆய்வு தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் கடற்கரையோர வீட்டு யன்னல் கம்பிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள்.

வெறும் சோற்றுப்பு மட்டும் என்றால் பரவாயில்லை. குளிர் சுமார் மைனஸ் ஒன்பது, பத்து பாகைக்குக் கீழே போனால் அது மந்தமாகிவிடும். ஆகவே மக்னீசியம் குளோரைட்டு, கல்சியம் குளோரைட்டு கரைசல்களையும் தெளிக்கிறார்கள். சோற்றுப்பு காற்றில் எழுபத்தைந்து விழுக்காடு ஈரப்பதம் இருந்தால்தான் தானாகக் கசியும். மக்னீசியம் குளோரைட்டுக்கு முப்பத்து மூன்றே போதும். வெயில் காய்ந்த நாளில்கூடத் தகட்டின் இடுக்கு ஈரமாகவே இருக்கும் என்பதுதான் இதன் பொருள்.

இப்போது அந்த நிலத்தடித் தரிப்பிடத்துக்கு வருவோம். வெளியே மைனஸ் பதினைந்தில் நிற்கும் வண்டியில் கறள் ஏறக்குறைய உறங்குகிறது. உறைந்த நீரில் வேதிவினை ஊர்ந்துதான் நடக்கும். அக்காவின் வண்டி ஒவ்வொரு மாலையும் சில்லுக்கூடு நிறைய உப்புப்பனியோடு சூடான நிலத்தடிக்குள் இறங்கியது. பனி உருகி எல்லா இடுக்கிலும் ஊறியது. காலைவரை இதமான சூட்டில் கறள் வேலை செய்தது. மறுநாள் புதிய உப்பு. எட்டுக் குளிர்காலம் இப்படி. வண்டியை வெளியே விட்டிருந்தால் இன்னும் சில ஆண்டு தாங்கியிருக்கலாம் என்று சொன்னபோது அக்கா சிரித்தார். "அதற்கு மாதம் எண்பது டொலர் கட்டினேனே தம்பி" என்றார்.

சரி, ஏன் ஷொக்கின் மேல்முனை? அந்த இடத்தில் தகடு ஒன்றல்ல, இரண்டு, மூன்று. பலத்துக்காக ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் புள்ளிப்புள்ளியாக ஒட்டியிருப்பார்கள். புள்ளிகளுக்கு இடையே நூலளவு இடைவெளி. நீர் உள்ளே போகும், வெளியே வராது. இடுக்குக்குள் ஒட்சிசன் குறைவதால் அந்தப் பகுதி வெளிப்பகுதியைவிட வேகமாக அரிபடும். உருவாகும் கறள் தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். தகடுகளை ஆப்புப்போல் விலக்கி இன்னும் நீருக்கு வழிசெய்யும். பலப்படுத்துவதற்காக வைத்த இரட்டைத் தகடே பலவீனத்தின் இருப்பிடமாகிறது. தொழிற்சாலையில் வர்ணத் தொட்டிக்குள் முழு உடம்பையும் அமிழ்த்தி எடுத்தாலும், மெழுகு பாய்ச்சாவிட்டால் இந்த இடுக்குகள் வெறுமையாகவே இருக்கும்.

மற்றவர்களுக்கும் நடந்தது

பின்சக்கரத் தொங்கலில் (சஸ்பென்ஷனில்) கறள் செய்த வேலை பொதுப் பதிவில் பலமுறை வந்திருக்கிறது. இரண்டை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், அக்காவின் வண்டியில் கண்ட இரண்டு பழுதுக்கும் அவை சோடி.

எங்கள் வண்டி முறிந்த அதே 2023இன் தொடக்கத்தில்தான் ஹொண்டா நிறுவனம் 2007 முதல் 2011 வரையான சி.ஆர்.-வி. வண்டிகளை அமெரிக்காவில் திரும்ப அழைத்தது. சுமார் 564,000 வண்டிகள். நாடு முழுவதும் அல்ல. உப்புத் தூவும் 22 மாநிலங்களும் வாஷிங்டன் டி.சி.யும் மட்டும். பின்சட்டத்தின் துளைகள் வழியே உப்பும் சேறும் உள்ளே போய்த் தங்கி, சட்டத்தை உள்ளிருந்து அரித்து, சில்லை முன்பின் நகராமல் பிடிக்கும் ட்ரெயிலிங் ஆர்ம் கழன்றுவிடலாம் என்பது காரணம். நீர் வடியட்டும் என்று விட்ட துளையே உப்பின் வாசலானது. சோதித்துப் பார்த்து, முடிந்தவற்றுக்குத் தாங்கு தகடு போட்டார்கள். மிக மோசமானவற்றைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் முன்வந்தார்கள். ஆர்ம் என்ற உதிரிப்பாகத்தில் குறை இல்லை, அதைப் பூட்டிய இடத்தில்தான் குறை. எங்கள் ஷொக்கின் கதையேதான்.

மற்றது ரொயோட்டாவினது. 2012 ஓகஸ்டில் 2006 முதல் 2011 வரையான ராவ்4 எஸ்.யு.வி.க்களையும், 2010இன் லெக்ஸஸ் எச்.எஸ். 250எச் என்ற ஹைபிரிட் செடானையும் அமெரிக்காவில் திரும்ப அழைத்தார்கள். ஏழே முக்கால் இலட்சம் வண்டிகளுக்கு மேல். பின்பக்க அலைன்மென்டைச் சரிசெய்த பிறகு பூட்டு நட்டைச் சரியாக இறுக்காமல் விட்டால், ஆர்மில் ஆட்டம் வந்து, மரைகளில் கறள் ஏறித் தேய்ந்து, ஆர்ம் பிரிந்துவிடலாம். அக்காவின் வண்டியில் போல்ட் திரும்பவே மறுத்தது. அங்கே திரும்பிய பின் இறுகவில்லை. எனக்கு இதில் சுவையாகப் படுவது அடுத்த ஆண்டு நடந்தது. 2013 செப்ரெம்பரில் அதே வண்டிகளை மறுபடி அழைத்தார்கள். முதல் தடவை பார்த்து அனுப்பியவற்றில் சில, சோதனை ஒழுங்காகச் செய்யப்படாததால் பழுதாகியிருந்தன. "மேற்பரப்புக் கறள் மட்டும்" என்று எழுதிய கை எனக்கு மட்டும் சொந்தமில்லை என்று அறிவதில் ஓர் அற்ப ஆறுதல்.

ஒன்ராறியோவில் சொந்த வண்டிக்கு ஆண்டுதோறும் பாதுகாப்புச் சோதனை கிடையாது. வண்டி கைமாறும்போது 'சேஃப்ரி' எடுக்க வேண்டும். அந்தச் சான்றிதழுக்கு 36 நாள்தான் ஆயுள். அக்கா 2015இல் எடுத்தார், அதன்பிறகு எட்டு ஆண்டு சட்டப்படி யாரும் அந்த வண்டியின் அடியைப் பார்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை. புகைச் சோதனை ஒன்று இருந்தது, அதையும் 2019இல் நிறுத்தினார்கள். அது புகையின் அளவு பற்றியது மட்டும்தான் என்பதால் இந்த விஷயத்தில் நட்டமில்லை.

வெட்டி ஒட்டியது

திருத்துவதா, விடுவதா? சந்தையில் இந்த வண்டி நல்ல நிலையில் நாலாயிரத்து ஐந்நூறு டொலர் போகலாம். திருத்தும் செலவுக்கு என் மதிப்பீடு மூவாயிரத்து நூற்றைம்பது. கணக்குப்படி பார்த்தால் இது முட்டாள்தனம். ஆனால் அன்றைய நிலவரத்தில் பழைய வண்டிகளின் விலை உச்சியில் நின்றது, மத்திய வங்கியின் வட்டி நாலரை விழுக்காட்டில் இருந்தது. நாலாயிரத்துக்கு வாங்கும் வேறொரு வண்டியின் அடியிலும் இதே கறுப்புப் பூச்சுத்தான் இருக்கும். இந்த வண்டியிலாவது என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். ட்ரெயிலிங் ஆர்மின் முன்முனையைத் தாங்கும் அடைப்புத் தகட்டை மீயொலித் தடிப்புமானியால் அளந்தேன். இரண்டரை மில்லிமீற்றராக இருந்திருக்கவேண்டிய இடம் வலப்பக்கம் 1.9, இடப்பக்கம் 2.2. அது ஒன்றரைக்குக் கீழே போயிருந்தால், வண்டியை உடைக்கக் கொடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஹைபிரிட் வண்டியில் வெல்டிங் செய்வது தனி ஒழுங்கு. பற்றரி இருப்பது டிக்கியின் தரைக்குக் கீழே. நாங்கள் நெருப்புப் பற்றவைக்கும் இடத்திலிருந்து ஒரு முழம். பன்னிரண்டு வோல்ட் இணைப்பைக் கழற்றி, உயர் அழுத்தத் துண்டிப்புச் சாவியை இழுத்து, மின்தேக்கிகள் வடியப் பத்து நிமிடம் காத்திருந்து, காப்புக் கையுறையோடு செம்மஞ்சள் வயர்களைப் பிரித்து, பற்றரியை முழுவதும் வெளியே எடுத்தோம். அதை எடுக்காமலே செய்யலாம் என்று என்னிடம் வேலை பழகும் பையன் சொன்னான். முந்நூறு வோல்ட்டுக்கு அருகில் 'செய்யலாம்' என்ற சொல்லுக்கு இடமில்லை என்று சொல்லி எடுக்கவைத்தேன்.

பிறகு சில்லுக்கூட்டில் நல்ல உலோகம் வரும்வரை வெட்டினோம். வலப்பக்கம் இரண்டு கை அகலம் போனது, இடப்பக்கம் சற்றுக் குறைவு. காகிதத்தில் அச்செடுத்து, இரண்டு மில்லிமீற்றர் தகட்டை வளைத்து, வெளித்தகடு, உட்தகடு இரண்டையும் தனித்தனியாக ஒட்டினோம். கிழிந்ததன் மேலே ஒரு தகட்டை வைத்து ஒட்டிவிட்டால் வேலை அரை நாளில் முடியும். மறுபடி ஓர் இடுக்கை நாங்களே செய்து கொடுத்ததாகவும் ஆகும். எப்பொக்சி அடிப்பூச்சு, இணைப்புகளுக்கு அடைப்புப் பசை, கடைசியில் உட்புறத்துக்கு மெழுகு பாய்ச்சினோம். கறுப்பு றப்பர் பூச்சு அடிக்கவில்லை. அடுத்த முறை பார்ப்பவர் உலோகத்தைப் பார்க்கட்டும்.

கீழ் ஆர்ம்கள் இரண்டும் புதிது. இறுகிய போல்ட்களைச் சூடாக்கியும் பயனில்லாமல் வாளால் அறுத்தோம். ஒரு பக்கத்துக்கு மட்டும் இரண்டு மணி நேரம், மூன்று வாள்கள். புதுப் போல்ட்டின் தண்டுக்குக் கிறீஸ் பூசினோம், மரைகளுக்கு அல்ல. மரையில் கிறீஸ் இருந்தால் முறுக்கு அளவு பொய்சொல்லும். றப்பர் புஷ் உள்ள போல்ட்களை வண்டியின் பாரம் சில்லில் இறங்கிய பிறகுதான் முழுதாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் புஷ் எப்போதும் முறுகியே நிற்கும், ஓராண்டில் கிழியும். அவசரத்தில் பலர் விடும் பிழை இது. அலைன்மென்ட் தாளில் பின்சில்லு இரண்டும் பச்சைக்கு வந்தன. தாளை அக்காவிடம் கொடுத்து, எந்த நிரலைப் பார்க்க வேண்டும் என்று விரலால் காட்டினேன்.

அந்த இரண்டு வாஷர்களையும், கிழிந்த தகட்டையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தேன். ஷொக் மாற்றிய இடத்துக்கு அக்கா அதைக் கொண்டுபோனார். அவர்கள் பேச்சு எதுவும் இல்லாமல் ஷொக்குகளின் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். தகட்டுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. என் பங்குக்கு, 2021இல் எழுதிய அந்த ஒரு வரிக்காக, ஒருநாள் கூலியைக் கழித்துக்கொண்டேன்.

அதன்பிறகு அக்கா ஒவ்வொரு ஒக்ரோபரிலும் வண்டியைக் கொண்டுவருகிறார். கறள் தடுப்பு எண்ணெயை இடுக்குகளுக்குள் தெளிக்கிறோம், ஆர்மின் வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தித் திறக்கிறோம், சுத்தியலால் தட்டிக்கொண்டே ஒரு சுற்று வருகிறேன். வண்டி இப்போது நிலத்தடியில் நிற்பதில்லை, வெளியே நிற்கிறது. கடந்த ஒக்ரோபரில் வலது அடைப்புத் தகடு 1.8 காட்டியது. அது 1.5ஐத் தொடும் நாளில் இலக்கத் தகட்டைக் கழற்றிவிடுவோம் என்று இருவரும் பேசி, அந்த எண்ணை வேலைத் தாளின் மேல் மூலையில் சிவப்பு மையால் எழுதி வைத்திருக்கிறோம்.